முறுக்குக்கு ஈடு கொடுக்கும் இரும்பு

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மியூராக் என்று முன்பு அழைக்கப்பட்ட ஒரு வறண்ட ஏரி இருக்கிறது. குளிர்கால மழைக்கு அதில் கொஞ்சம் நீர் தேங்கும். பாலைவனக் காற்று அந்த நீரை இக்கரைக்கும் அக்கரைக்குமாகத் தள்ள, அடியிலிருக்கும் களிமண் தானாகவே மட்டமாகிவிடும். கோடையில் நீர் வற்றியதும் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் மேடுபள்ளமில்லாத கெட்டித் தரை கிடைக்கும். 1981இல் கொலம்பியா விண்ணோடம் தன் முதல் பயணத்தை முடித்துக்கொண்டு இறங்கியது இந்தத் தரையில்தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களில் அங்கே வந்து, மட்கார்டு, முகப்பு விளக்கு, முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வண்டி எவ்வளவு வேகம் போகிறது என்று அளந்து பார்த்தார்கள். அளப்பதை முறைப்படுத்த 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற அமைப்பு உருவானது. இந்தக் கார்களுக்குத்தான் பின்னாளில் ஹாட் ராட் என்று பெயர் வந்தது.

தொழிற்சாலையில் பிறந்த பந்தயக் கார்கள் அல்ல இவை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், பழைய இரும்புக் கடையில் கிடைத்த பாகங்களைக் கொண்டு, சொந்தக் கையால் கட்டியவை. இன்றும் அமெரிக்காவில் ஏராளமானோர் விடுமுறை நாட்களில் அதே வேலையைச் செய்கிறார்கள். ஹாட் ராட் என்றதும் எஞ்சினைப் பற்றித்தான் பேச்சு எழும். எஞ்சின் முக்கியம்தான். ஆனால் ஒரு காரை அடியிலிருந்து கட்டுகிறவர் சந்திக்கும் கடினமான இயற்பியல், எஞ்சின் தருகிற விசை எந்த இரும்பு வழியாகப் போய் எங்கே தரையில் இறங்குகிறது என்பதில் இருக்கிறது. ஒரு பாகத்தை மாற்றினால் அடுத்த பாகம் கணக்குக் கேட்கும். அதைச் சரிசெய்தால் அதற்கடுத்தது கேட்கும்.

அந்தக் கணக்கை எஞ்சினிலிருந்தே தொடங்கலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற மாடல் டி காரின் 2.9 லிட்டர் எஞ்சின் 20 குதிரைத்திறன் கொடுத்தது. அடுத்து வந்த மாடல் ஏ 40 கொடுத்தது. 1932இல் ஃபோர்டு வெளியிட்ட வி-8 எஞ்சின் 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். எட்டு சிலிண்டர்களையும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாக வார்த்தெடுக்க ஃபோர்டின் வார்ப்புப் பட்டறை கற்றுக்கொண்டதால்தான், அதுவரை வசதி படைத்தவர்களுக்கே கிடைத்த எட்டு சிலிண்டர் எஞ்சின் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழைய வண்டிச் சந்தைக்கும் வந்தன. இளைஞர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லை; பக்கவாட்டில், பிளாக்குக்குள்ளேயே நிற்கின்றன. ஹெட் என்பது வெறும் மூடி. அதனால் ‘ஃபிளாட்ஹெட்’ என்பார்கள். செய்வது எளிது, விலை குறைவு. ஆனால் உள்ளே வரும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, வால்வைத் தாண்டி மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, பிறகு கீழே சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். எஞ்சினின் முழு வரலாறும் இந்தத் திருப்பத்தில் அடங்கியிருக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினின் வெப்பத்திறன் அதன் அமுக்க விகிதத்தைப் பொறுத்தது. 1932 ஃபோர்டில் அது 5.5. அதாவது பிஸ்டன் மேலே வரும்போது கலவை ஐந்தரை மடங்கு சுருங்குகிறது. உராய்வும் வெப்ப இழப்பும் இல்லாத ஓர் இலட்சிய எஞ்சினில் இந்த விகிதத்துக்குக் கிடைக்கும் திறன் 49 சதவீதம். விகிதத்தை 8 ஆக்கினால் 56 சதவீதம். உண்மையான எஞ்சினில் இரண்டு எண்களுமே வெகுவாகக் குறையும். ஆனால் உயர்வின் பங்கு ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஒரு சொட்டு பெட்ரோல்கூடக் கூட்டாமல் ஏழில் ஒரு பங்கு விசை அதிகம் கிடைக்கிறது என்றால் யார்தான் விடுவார்கள்? ஹெட்டைக் கழற்றிக்கொண்டு போய் மில்லிங் இயந்திரத்தில் வைத்து அடிப்பாகத்தைச் சீவினார்கள்.

இங்கேதான் சிக்கல். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 453 கன சென்டிமீட்டர். விகிதம் 5.5 ஆக இருக்கும்போது பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் இடம் 100 கன சென்டிமீட்டர். 8 ஆக வேண்டுமானால் அது 65 ஆகச் சுருங்க வேண்டும். சுருக்குவது எதை? வால்விலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகும் அந்தப் பக்கவாட்டுப் பாதையையும் சேர்த்துத்தான். அமுக்கம் ஏற ஏற மூச்சு அடைக்கிறது. அதற்கு மாற்றாக, வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள பிளாக்கின் மேற்பரப்பைச் சற்றே தோண்டிப் பாதையை ஆழமாக்கினார்கள். மூச்சு வந்தது, அமுக்கம் மறுபடி கொஞ்சம் இறங்கியது. இந்த இழுபறியில் எங்கே நிறுத்துவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. வறண்ட ஏரியில் ஓட்டி, நேரத்தை அளந்து, திரும்பி வந்து மறுபடி கிரைண்டரை எடுத்தார்கள். இது சோதனை அறிவியல் என்றே நான் நினைக்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை எண்ணாகப் பதிவுசெய்யும் பழக்கம் அந்தக் கொட்டகைகளில் இருந்தது.

மூச்சு என்றதும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். நிமிடத்துக்கு 3,400 சுற்றில் ஓடும்போது, பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்க எடுத்துக்கொள்வது 9 மில்லி விநாடிக்கும் குறைவு. அதற்குள் சிலிண்டர் நிறைய வேண்டும். அசைந்து வரும் காற்றுக்கு நிறை உண்டு; பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பத் தொடங்கிய பிறகும் அந்த வேகத்திலேயே அது உள்ளே வந்துகொண்டிருக்கும். எனவே உள்வால்வைத் தாமதமாக மூடினால் இன்னும் கொஞ்சம் கலவை நுழையும். வால்வைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட்டின் முட்டை வடிவ மேடுகள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸில் கேம் அரைக்கும் தொழிலைத் தொடங்கிய எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் பழைய ஷாஃப்ட்டையே எடுத்துப் புது வடிவத்துக்கு அரைத்துக் கொடுத்தார்கள். இரும்பைக் கூட்டாமல் மேட்டின் உயரத்தை எப்படிக் கூட்டுவது? மேட்டின் நுனியைத் தொடாமல் அதன் எதிர்ப்பக்க அடிவட்டத்தைக் குறைத்தால் போதும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தானே வால்வு எழும் உயரம். எனக்கு இதில் மிகவும் பிடித்த நுட்பம் இது.

அதற்கும் விலை உண்டு. உள்வால்வு முன்கூட்டியே திறந்து, வெளிவால்வு தாமதமாக மூடுவதால், இரண்டும் சேர்ந்தே திறந்திருக்கும் இடைவேளை நீள்கிறது. அதிக வேகத்தில் வெளியேறும் புகையே புதுக் கலவையை உள்ளே இழுத்துவிடும். ஐட்லிங்கில் அந்த இழுப்பு இல்லை. புகை பின்வாங்கிக் கலவையோடு கலக்கிறது, சில வெடிப்புகள் சரியாக எரியாமல் போகின்றன. ஹாட் ராட் சிக்னலில் நிற்கும்போது தள்ளாடித் தள்ளாடி உறுமுவது அதனால்தான்.

1955இல் ஷெவர்லே நிறுவனம் வால்வுகளை மேலே வைத்த தன் சிறிய வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது: 4.3 லிட்டர், தொடக்கத்திலேயே 162 குதிரைத்திறன், மெல்லிய சுவர்களோடு வார்க்கப்பட்டதால் எடையும் குறைவு. அமுக்கத்துக்கும் மூச்சுக்கும் இருந்த சண்டை தீர்ந்தது. ஃபிளாட்ஹெட்டின் காலமும் முடிந்தது. இதற்குள் ஒரு சுவையான இணைப்பு இருக்கிறது. ஃபிளாட்ஹெட் ஃபோர்டுக்கு மேல்வால்வு ஹெட்டுகளைத் தனியாகச் செய்து விற்றவர் ஸோரா ஆர்க்கஸ்-டன்டாவ். அவர் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். 1953 டிசம்பரில், ஹாட் ராட் கட்டும் இளைஞர்கள் ஃபோர்டையே சுற்றி வருகிறார்கள், அவர்களைக் கவர வேண்டுமானால் ஷெவர்லேயின் புது வி-8க்கு வேகப் பாகங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். கொட்டகையில் நடந்தது தொழிற்சாலையின் திட்டத்தை மாற்றியது. இன்று 1932 ஃபோர்டு உடலுக்குள் மிக அதிகமாகப் பொருத்தப்படுவது அந்த ஷெவர்லே குடும்பத்து எஞ்சின்தான், பெரும்பாலும் 5.7 லிட்டர்.

எஞ்சினை உள்ளே இறக்கியாயிற்று. இப்போது சேஸிஸ் கணக்குக் கேட்கிறது.

பழைய வி-8 சுமார் 175 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தந்தது. 5.7 லிட்டர் எஞ்சின் 450 தருவது சாதாரணம். முதல் கியரில் அது மூன்று மடங்காகி, பின்பக்கம் போகும் ஷாஃப்ட்டில் 1,350 ஆகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, ஷாஃப்ட் ஒருபக்கம் திருகப்படும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் அதே அளவு எதிர்ப்பக்கம் திருகப்படுகின்றன. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 140 கிலோவைத் தொங்கவிட்ட அளவு அது. அந்த முறுக்கு எஞ்சின் மவுண்ட் வழியாகச் சேஸிஸுக்குப் போகிறது.

1932 ஃபோர்டின் சேஸிஸ், நீளவாட்டில் இரண்டு பக்கச் சட்டங்களும் இடையே குறுக்குச் சட்டங்களும் கொண்டது. பக்கச் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் திறந்த ‘ப’ வடிவம். சுமையைத் தாங்க அது போதும். முறுக்கைத் தாங்க அறவே போதாது. முழு மூங்கிலைத் திருக யாராலும் முடியாது, அதையே நீளவாட்டில் ஒரு கீறல் போட்டுவிட்டால் கையாலேயே திருகிவிடலாம். இரும்பிலும் அதுதான் நடக்கிறது. மூடிய குழாயில் முறுக்கு விசை சுவரைச் சுற்றி வட்டமாக ஓடி, முழு அகலத்தையும் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு பக்கம் திறந்திருந்தால் அந்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. எதிர்ப்பதற்குத் தகட்டின் தடிமன் மட்டுமே மிஞ்சுகிறது.

எண்ணாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 100 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட திறந்த சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முறுக்கு எதிர்ப்பெண் 1,800. திறந்த பக்கத்தை அதே 3 மில்லிமீட்டர் தகட்டால் மூடிப் பற்றவைத்தால் சுமார் 8,66,000. ஏறக்குறைய 480 மடங்கு! எடை கூடுவதோ பாதி அளவுதான். சேஸிஸ் முழுவதற்கும் இந்த 480 அப்படியே கிடைக்காது. குறுக்குச் சட்டங்களும் இணைப்புகளும் தங்கள் பங்குக்கு நெளியும். ஆனாலும் வித்தியாசம் ஓட்டும்போதே தெரியும். வீட்டில் ஹாட் ராட் கட்டுகிறவர் முதலில் செய்யவேண்டிய வேலை இந்த மூடும் வேலைதான் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே. சேஸிஸ் முறுகினால் கதவு ஒட்டாது, கண்ணாடி வெடிக்கும், நான்கு சக்கரங்களும் ஒரே தளத்தில் நில்லா.

மூடப் போனால் பற்றவைப்பு கணக்குக் கேட்கும். இரும்பு உருகுவது 1,500 டிகிரிக்கு அருகில். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடானால் 1.2 மில்லிமீட்டர் நீளும். பற்றவைத்த இடத்திலுள்ள உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கி, பக்கத்திலுள்ள குளிர்ந்த இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் முனையிலிருந்து முனை வரை ஒரே மூச்சில் பற்றவைத்தால், ஆறிய பிறகு அது வில்லாக வளைந்து கிடக்கும். அதனால் முதலில் சேஸிஸைக் கனமான இரும்பு மேடையில் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஒரு சாண் இடைவெளியில் புள்ளிப் பற்று வைக்கிறார்கள். பிறகு முன்னால் இரண்டு அங்குலம், பின்னால் இரண்டு அங்குலம், இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றி, கை வைத்தால் சுடாத அளவு ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைக்கிறார்கள். நாள்கணக்கில் இழுக்கும் வேலை. இடையிடையே இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் சமமாக இருந்தால்தான் சேஸிஸ் சதுரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஓர் எச்சரிக்கையை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கச் சிலர் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தெளித்துவிட்டு உடனே பற்றவைப்பார்கள். மின்வில்லின் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைப் பற்றவைத்தால் எழும் வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். பழைய பெட்ரோல் டாங்கில் நெருப்பைக் காட்டவே கூடாது, காலியாக இருந்தாலும்.

சேஸிஸ் கெட்டியானதும் முன் ஆக்ஸில். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த இடம்தான். 1932 ஃபோர்டில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே திட ஆக்ஸில் இணைக்கிறது. அதன் குறுக்குவெட்டு ‘ஐ’ வடிவம். அதன்மேல் குறுக்காக ஒரு லீஃப் ஸ்பிரிங். ஆக்ஸில் முன்பின் நகராமலிருக்க இரண்டு கம்பிகள் அதன் இரு முனைகளிலிருந்து கிளம்பி, பின்னால் கூடி, வண்டியின் நடுவில் ஒரே பந்து மூட்டில் சேரும். பெரிய எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அந்த நடு இடம் தேவைப்படுவதால், ஹாட் ராட் கட்டுகிறவர்கள் கம்பிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அந்தந்தப் பக்கச் சட்டத்தில் கட்டிவிடுகிறார்கள். இப்போது ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் என்ன ஆகும்? அந்தப் பக்கத்துக் கம்பி மேலே சாயும், மறுபக்கத்துக் கம்பி அப்படியே நிற்கும். இரண்டு கம்பிகளும் ஆக்ஸிலோடு இறுகியிருப்பதால் ஆக்ஸில் முறுக்கப்படும்.

‘ஐ’ வடிவம் திறந்த வடிவம். சேஸிஸில் நமக்கு எதிரியாக இருந்த அதே பலவீனம் இங்கே துணைக்கு வருகிறது: ஆக்ஸில் கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து, சக்கரம் மேட்டில் ஏறி இறங்க வழிவிடுகிறது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று ‘ஐ’ ஆக்ஸிலுக்குப் பதில் உருண்டைக் குழாய் ஆக்ஸிலை வாங்கி அதே பிரிந்த கம்பிகளோடு பொருத்தினால், மூடிய குழாய் முறுக மறுக்கும். எங்கேயாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்பதால் தாங்கிகளும் பற்றவைப்புகளும் நாளாக ஆக விரிசல் காணும். குழாய் ஆக்ஸில்தான் வேண்டும் என்றால், பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பிகள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் அசையும் மூட்டு என்று அமைப்பையே மாற்ற வேண்டும். ஒரே விதி, ஒரே வண்டி. ஓரிடத்தில் மூடு என்கிறது, பத்து சாண் தள்ளி மூடாதே என்கிறது.

ஸ்டியரிங் கணிதமும் இதே ஆக்ஸிலில்தான் இருக்கிறது. வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் போகும். இந்தக் காரின் முன்பின் சக்கர இடைவெளி 2.69 மீட்டர். ஆறு மீட்டர் ஆரத்தில் திரும்ப வேண்டுமானால் உள்சக்கரம் 27 பாகையும் வெளிச்சக்கரம் 22 பாகையும் சாய வேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே, 1817இல் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானியர் இதற்கு வழி கண்டார். மறு ஆண்டு அக்கர்மன் என்பவர் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்க, பெயரும் அக்கர்மனுக்கே போனது. இரு சக்கரத்தின் ஸ்டியரிங் கைகளையும் சற்று உள்நோக்கிச் சாய்த்து, அவற்றின் கோடுகள் பின் ஆக்ஸிலின் நடுவில் சந்திக்கும்படி வைத்தால், பாகை வித்தியாசம் தானாக வந்துவிடும். ஆயில் சம்ப் இடிக்கிறது என்று இணைப்புக் கம்பியை ஆக்ஸிலுக்கு முன்னால் மாற்றி, கைகளின் சாய்வை மட்டும் அப்படியே விட்டால் கணக்கு தலைகீழாகும். குறுகலான திருப்பத்தில் டயர் தேய்ந்து கத்தும்.

சக்கரம் திரும்பும் அச்சு செங்குத்தாக இல்லாமல் மேல்முனை பின்னோக்கி ஐந்து முதல் ஏழு பாகை சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கையை விட்டாலும் சக்கரம் நேராகும். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து நிற்பதுதான் ஹாட் ராட்டின் அழகு. ஆனால் வண்டியை இரண்டு பாகை முன்னால் சாய்த்தால் இந்தச் சாய்விலும் இரண்டு பாகை பறிபோகிறது. எனவே டயர்கள் மாட்டி, வண்டி தன் முழு எடையோடு நிற்கும் நிலையில் அளந்துதான் தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும்.

பின்பக்கம் போகும் ஷாஃப்ட்டில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்டுகள். வளைந்த நிலையில் சுழலும் ஜாயின்ட், சீரான வேகத்தை வாங்கி, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும் வேகமாகக் கொடுக்கும். 10 பாகை வளைவில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். இரண்டாவது ஜாயின்ட்டும் அதே பாகையில் வளைந்திருந்தால் இது ரத்தாகும். பாகை வேறானால் நெடுஞ்சாலையில் வண்டி முழுவதும் அதிரும். முழுக்க நேராகவும் வைக்கக் கூடாது. ஒரு பாகையாவது வளைவு இருந்தால்தான் உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் உருண்டு, கிரீஸைப் பரப்பிக்கொள்ளும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். முகப்புப் பரப்பையும் இழுவைக் கெழுவையும் பெருக்கி 1.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு மட்டும் 21 குதிரைத்திறன் போதும்; 200 கிலோமீட்டருக்கு 165 தேவை. கூரையைத் தாங்கும் தூண்களைச் சில அங்குலம் வெட்டிக் கூரையை இறக்கியதும், உடலைச் சேஸிஸுக்கு மேலே வைக்காமல் அதைக் கவ்வியபடி கீழே இறக்கியதும் அழகுக்காக மட்டுமல்ல. மட்கார்டைக் கழற்றுவது எடையைக் குறைத்தது. ஆனால் வெளியே சுழலும் சக்கரம் காற்றைக் கலக்குவதால் அந்தப் பக்கம் நஷ்டமும் உண்டு. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் பில் பர்க். போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் உபரி எரிபொருள் டாங்கை 1946இல் எடுத்து, அதையே காரின் உடலாக்கினார். அவர் வழியில் அலெக்ஸ் ஸைடியாஸின் குழு பி-38 விமான டாங்கில் கட்டிய கார், 1952இல் பான்வில் உப்புத் தரையில் ஃபிளாட்ஹெட் எஞ்சினோடு மணிக்கு 198 மைல், அதாவது 319 கிலோமீட்டர் தொட்டது.

வேகம் போதும், நிறுத்துவதைப் பார்ப்போம். 1932 ஃபோர்டின் பிரேக் கம்பியால் இழுபடுவது. ஃபோர்டு 1939இல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது. வந்த உடனே அந்த 1939 டிரம்கள் ஹாட் ராட் கட்டுகிறவர்களின் முதல் தேடலாயின. இன்று டிஸ்க் பிரேக் போடுகிறார்கள். இதில் பலரைத் தடுமாற வைக்கும் ஒன்று மாஸ்டர் சிலிண்டரின் அளவு. பெரிய வண்டியின் பெரிய சிலிண்டரைப் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும். நடப்பது நேரெதிர். கால் 300 நியூட்டன் விசையில் அழுத்துகிறது, பெடல் அதை ஆறு மடங்காக்குகிறது: 1,800 நியூட்டன். அது 7/8 அங்குலச் சிலிண்டரில் விழுந்தால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 47 கிலோ. ஒரு அங்குலச் சிலிண்டரில் விழுந்தால் 36தான். விசை ஒன்றே, பரப்பு கூடியதால் அழுத்தம் கால்வாசி குறைந்துவிட்டது. சிறிய சிலிண்டரில் பெடல் கூடுதல் தூரம் இறங்கும், அதுவே ஈடு. வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது இங்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. இந்தக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைப் பலகைக்குக் கீழே இருக்கும். சக்கரத்திலுள்ள காலிபரைவிடத் தாழ்வாக. நிறுத்தி வைத்தால் பிரேக் ஆயில் கீழ்நோக்கி வடிந்து வரும், அடுத்த நாள் முதல் மிதியில் பெடல் வெறுமனே இறங்கும். குழாயில் 0.14 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சிறிய வால்வு ஒன்றைப் போட்டால் சிக்கல் தீர்ந்தது. ஆயிரம் கிலோ வண்டி 100 கிலோமீட்டரிலிருந்து நிற்கும்போது 386 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. நான்கு டிஸ்க்கும் சேர்ந்து 20 கிலோ இரும்பு என்றால் ஒரே நிறுத்தத்தில் அவை 40 டிகிரி சூடாகும். மலைச்சாலையில் அடுத்தடுத்து பத்து முறை மிதித்தால் என்னவாகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ரேடியேட்டரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரில் இறங்குகிறது, குறுகலான முகப்புக்குள் அதை வெளியேற்றியாக வேண்டும். ஃபிளாட்ஹெட்டில் சூடான புகை பிளாக்கின் நடுவே புகுந்து வெளியே வருவதால் அது எப்போதுமே கொதிக்கும் எஞ்சின் என்று பெயர் வாங்கியது. ஒயரிங்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஃப்யூஸ், ஃபைபர் உடலானால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர். பதிவு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் சொந்தமாகக் கட்டிய வண்டிகளுக்கான புகைச் சலுகை ஆண்டுக்கு 500 பேருக்கு மட்டும்.

விவரம் தெரிந்தவர்கள் வண்டியை முழுவதுமாக வெற்று இரும்பிலேயே கட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுபடி ஒவ்வொரு பாகமாகப் பிரிக்கிறார்கள். தளர்ந்த போல்ட்டைச் சுற்றிச் செந்நிறத் துருத் தூள் படிந்திருக்கும். இரண்டு இரும்புகள் உரசியதன் அடையாளம் அது. பற்றவைப்புகளின் மேல் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடிக் கரைசலை அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் நுண்புழைக் கவர்ச்சியால் புகுந்திருந்த சாயம் வெள்ளையில் கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அதன் முனையில் சிறு துளை போடுவார்கள்; கூர்மையான முனையில் குவிந்திருந்த விசை வட்டமான துளையில் பரவிவிடுவதால் விரிசல் மேலே ஓடாது. பிறகு தோண்டிப் பற்றவைத்து, மேலே ஒட்டுத்தகடு. அந்தத் தகட்டின் ஓரம் சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் முடிந்தால் அடுத்த விரிசல் அங்கேயே பிறக்கும் என்பதால், முனைகளைச் சாய்வாக, சாய்சதுரமாக வெட்டிவைத்துப் பற்றவைப்பார்கள். அந்த விரிசல் ஏன் வந்தது, எந்த இரும்பு எதை முறுக்கியது என்று கண்டுபிடித்து அதையும் சரிசெய்த பிறகே வண்டி பெயின்ட் அடிக்கப் போகும்.